இருபத்து நாலு பக்க ஞாயிற்றுக்கிழமை

முதலமடை
12-3-1974

அன்புள்ள பூமாரி,

நான் நன்றாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நீயாவது நன்றாக இரு.

நம் படக்கதை அச்சாகிவிட்டது.

போன திங்கட்கிழமை ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி பஸ்ஸில் போனேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. வழக்கம்போல லாரிகள் வரிசை. பக்கத்துப் பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவே, கயிற்றில் கிளிப் போட்டு ஒரு புத்தகம் தொங்கியது. அட்டையில் ஒரு பெண் மாராப்பு நழுவ நிற்கிறாள். அந்த உடம்பு நீ வரைந்ததில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த லயத்து வீட்டு வரிசையும் தகரக்கூரையும் கொடியில் காயும் துணியும் நான் மை போட்டவை. என் கோடு எனக்குத் தெரியாதா? புத்தகத்தின் பெயர் 'தேயிலைக்காட்டு மோகினி'. எழுதி வரைந்தவர் 'ரசிகன்'.

நாம் வைத்த பெயர் 'ஞாயிற்றுக்கிழமை'. அது எங்கேயும் இல்லை.

பஸ் கால் மணி நேரம் நின்றது. மூன்று டிரைவர்கள் வந்து வாங்கினார்கள். ஒருவன் அங்கேயே பிரித்துச் சிரித்தான். எனக்கு இறங்கிப் போய் ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. இத்தனை ஆண்கள் நிற்கிற கடையில் ஒரு பெண் கையை நீட்டி அதைக் கேட்க முடியுமா, சொல்? பெண்களுக்காக இரண்டு வருஷம் உட்கார்ந்து போட்ட புத்தகத்தை ஒரு பெண்ணால் வாங்க முடியாத இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு பிரதி என் கைக்கு வந்தது. எப்படி என்று இப்போது கேட்காதே. இருபத்து நாலு பக்கத்தில் கடைசி நாலு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தனக்கு வேண்டியதை அவள் புருஷனிடம் வாய்விட்டுப் பேசுகிற பக்கங்கள். மீதி இருக்கும் படங்களிலும் நான் எழுதிய பேச்சையெல்லாம் வெள்ளை அடித்து மறைத்து, வேறு எழுதியிருக்கிறார்கள். "என்னத்துக்கு அவசரம்? இன்னைக்கு பிரட்டு இல்லல்லா" என்று அவள் சொல்வாளே, காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்தப் பிரட்டுக்குப் பயப்படாத ஒரு நாள் என்பதுதானே கதையே, அந்த இடத்தில் இப்போது "ஐயோ அத்தான், எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்று இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் ஐயோ, அத்தான், போங்கள். வேறு வார்த்தையே அவளுக்குத் தெரியாது.

அச்சகக்காரர் ரத்தினசாமியை நம்பிக் கொடுத்தது நான்தான். உன்னிடம் கேட்காமல் கொடுத்ததும் நான்தான். திட்டு.

மயிலாத்தாள்


மேல் டிவிஷன் லயம், மூணாறு வழி
27-3-1974

மயில் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே புத்தகம் இங்கே வந்துவிட்டது. சூப்பர்வைசர் சிலுவைராஜ் பொள்ளாச்சி போய்வந்த பையில் கொண்டுவந்தார். இரண்டே நாளில் பாக்டரி ஆம்பிளைகள் எல்லார் கையிலும் சுற்றியது.

அக்கா, அந்த முகம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். நான் எழுதியிருந்தேன். நாலாம் லயத்து அழகுத்தாய். பால் கொடுக்கிற இடைவேளையில் எங்கள் பிள்ளைக் காப்பகத்துக்கு வந்து உட்காருவாள். நான் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வரைவேன். கல்யாணம் ஆகாத எனக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்? அவர்கள் பேச்சுத்தான். வெட்கமில்லாமல், சிரித்து, சில நாள் அழுது பேசிய பேச்சு. முகத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசித்தபோது அழகுத்தாய்தான் சொன்னாள்: "சினிமாக்காரி மூஞ்சியெல்லாம் போடாத பூமாரி. எம்மூஞ்சியப் போடு. நம்மாளுகதான பாக்கப் போறாளுக."

நம்மாளுகள்தான் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் தலையாட்டினேன்.

இரண்டு பக்கமும் மூக்குத்தி, மேல் உதட்டில் மரு, முன் பல்லில் இடைவெளி. அச்சில் எதுவும் மறைந்துபோகவில்லை. வியாழக்கிழமை பிரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது பின்னால் இருந்து யாரோ "மோகினி" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவள் புருஷன் பெரியமுத்து அதே வரிசையில் கவாத்துக் கத்தியோடு நின்றான். அவன் அவளை அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் கம்பளியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு கீழ் டிவிஷனில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். இன்னும் வரவில்லை. மூன்று பிள்ளைகள்.

நாம் இருபது பிரதி கையால் போட்டு லயத்துக்குள் சுற்றவிடலாம் என்று நான் சொன்னேன். எழுத்துத் தெரியாதவளுக்கும் படம் புரியும் என்றுதானே படக்கதை போட்டோம். அச்சில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டது நீங்கள். புத்தகத்தில் உங்கள் பேர் இல்லை, உங்கள் முகம் இல்லை, உங்கள் ஊர் இல்லை. எல்லாம் எங்களுடையது.

இதை எழுதக் கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். எழுதிவிடுகிறேன். பாலக்காட்டில் தையல் டீச்சர் பயிற்சியில் ஒரே அறையில் இருந்தோம், ஒரே சோப்பு. அப்புறம் நான் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்காரவைத்து வேறு டம்ளரில் காப்பி கொடுத்தீர்கள். உங்கள் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வாங்கிக் குடித்தேன். தாளில் மட்டும் உங்கள் கோடும் என் கோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம் என்று நினைத்தேன். அந்தத் தாளையும் நீங்கள் தனியாகத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

பூமாரி


முதலமடை
5-4-1974

பூமாரி,

டம்ளர் விஷயம் உண்மை. அதற்கு இப்போது என்ன எழுதினாலும் அது சமாதானம் சொல்வதுபோல் ஆகும். அதனால் அதை விடுகிறேன்.

ஆனால் அச்சு ஆசை என்று எழுதினாயே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருபது பிரதி எடுத்தால் உன் லயத்துப் பெண்கள் பார்ப்பார்கள். என் பக்கம்? எங்கள் களத்தில் கடலைக்காய் உரிக்க வருகிறவர்கள், மாங்காய் தரம் பிரிக்க வருகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்துச் சம்பந்திகள், நகையும் பட்டும் உடுத்திக்கொண்டு ஒருத்தியிடம் ஒருத்தி ஒரு வார்த்தை பேசாத எங்கள் ஜனத்துப் பெண்கள். இவர்களுக்கும் போக வேண்டும் என்று நினைத்தேன். உனக்குக் காப்பகம் இருக்கிறது, பேசுகிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு அடுப்படியில் மாமியார் மட்டும்தான்.

ரத்தினசாமியிடம் போனேன். படம் போட்டது என் தம்பி என்றுதான் முதலில் சொல்லியிருந்தேன், அதையே சொன்னேன். "தம்பி ரொம்ப வருத்தப்படறானுங்க. பொம்பளைங்களுக்குன்னு போட்டதை இப்படி மாத்திப்போட்டீங்களே" என்றேன். அவர் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, பொம்பளைங்க எங்கீங்க புஸ்தகம் வாங்கறாங்க? வாங்கறது லாரிக்காரன். லாரிக்காரனுக்குப் பொம்பள பேசுனா ஆகாதுங்க. கம்முனு இருந்தாத்தான் விக்கும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். தம்பிக்காகப் பேச வந்தவள் எவ்வளவு பேச முடியும்?

நீ கோபப்படு. ஆனால் நானும் இதில் தோற்றவள்தான். அழகுத்தாயின் வீட்டுக்கு ஏதாவது அனுப்பட்டுமா? அரிசியோ துணியோ? சொல்.

மயிலாத்தாள்


மேல் டிவிஷன்
21-4-1974

திருமதி மயிலாத்தாள் அவர்களுக்கு,

அரிசி இங்கே எஸ்டேட் டிப்போவில் கொடுக்கிறார்கள்.

நேற்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் புத்தகம் இருந்தது. "இத வரைஞ்சது நீதானா?" என்று சின்ன மேனேஜர் கேட்டார். சிலுவைராஜ் பக்கத்தில் நின்றார். காப்பகத்துச் சுவரில் நான் வரைந்த யானையையும் முயலையும் அவர் பார்த்திருக்கிறார், கை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் ஆமாம் என்றேன். எழுத்து யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

"பிள்ளையளத் தூக்குற கையா இது?" என்று சிலுவைராஜ் கேட்டார். அந்தப் புத்தகத்தை லயத்துக்குக் கொண்டுவந்த கை எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கள் முதல் எனக்குக் காப்பகத்தில் வேலை இல்லை. கொழுந்து பறிக்கப் போகிறேன். பதினோரு வருஷம் கழித்துக் கூடை கட்டுகிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பூ. பூமாரி


முதலமடை
9-6-1974

பூமாரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நடுவில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ரிஜிஸ்டர் தபால், கூடவே ஒரு கட்டு வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். படிக்காவிட்டாலும் கட்டைத் திருப்பி அனுப்பாதே. அது உன்னுடையது.

புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்காதே என்றேன். எங்கள் வீட்டுக்காரரின் தகரப்பெட்டியில், வேட்டிக்கு அடியில் இருந்தது. சலவைத் துணி வைக்கப்போனபோது கிடைத்தது. கோபாலபுரத்தில் அந்தக் கிளிப்பிலிருந்து எடுத்துவந்திருக்கிறார். ஓரம் மடிந்திருந்தது. பலமுறை படித்திருக்கிறார்.

பூமாரி, உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் படங்கள் எனக்கு வரும்போது பேச்சுக்கான இடம் வெற்றாக இருக்கும். நான் அதில் எழுதியது உன் லயத்துப் பெண்கள் சொன்னதை மட்டுமில்லை. பாதி நான் அவரிடம் சொல்ல நினைத்தது. மெதுவாக. முகத்தைப் பார்த்து. முடிந்ததும் திரும்பிப் படுக்காமல். பதினோரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை எழுதிவைத்தேன். பெண்களுக்கு என்று உன்னிடம் சொன்னேன், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். யாருக்கு எழுதினேனோ அந்த ஆள் கைக்கே புத்தகம் போய்ச் சேர்ந்திருக்கிறது, நான் எழுதிய ஒரு சொல்கூட இல்லாமல். ஐயோ அத்தான் என்பதைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறார். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு மாமியாருக்குக் கேட்காமல் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் திரும்பவும் ரத்தினசாமியிடம் போனேன். இந்தமுறை தம்பி இல்லை. "படத்துல வூடு வாசலெல்லாம் போட்டது நானுங்க. எழுதுனதும் நானுங்க. ஆளுக போட்டது இன்னொரு பொம்பளைங்க" என்றேன். நம்பவில்லை. அவர் மேசைமேல் இருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவர் பெயரையே நம் புத்தகத்து எழுத்தில் எழுதிக் காட்டினேன். அந்த 'ர'வின் வாலைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். நானல்ல பூமாரி, அவர் போர்த்திக்கொண்டார்! "குடும்பத்துப் பொம்பளைங்க இதயெல்லாம்... எம்பேரு வெளிய வரப்படாதுங்க அம்மணி" என்று அவரே பயந்தார். "அப்ப படத்தக் குடுங்க" என்றேன். ஆளை விட்டு எடுத்துவரச் சொன்னார். அச்சுக் கட்டைகளைத் தரமாட்டார், விற்காத பிரதிகளையும் தரமாட்டார். அது விற்றுக்கொண்டுதான் இருக்கும். அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

மூலத் தாள்கள் இருபதுதான் கிடைத்தன. அவள் பேசும் கடைசி நாலும் இல்லை. எங்கே என்று அவருக்கே தெரியவில்லை, மெஷின் துடைக்க எடுத்திருப்பார்கள் என்றார்.

எழுத்து யார் என்று கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

மயிலாத்தாள்


மேல் டிவிஷன்
4-7-1974

அக்கா,

கட்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது, தாள்கள் நமுத்துவிடும் என்று அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

கூடைக் கயிறு தலையில் அறுக்கிறது. விரல் நுனி கறுத்துவிட்டது, பென்சில் பிடித்தால் பிடி நிற்கவில்லை. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. இத்துடன் அனுப்பும் படங்களில் கோடு நடுங்கியிருந்தால் காரணம் தெரியட்டும்.

உங்கள் கடிதத்தை அழகுத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும். பெட்டி விஷயத்தையும். நீங்கள் கோபித்தால் கோபியுங்கள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. "பாவம், அந்த அம்மாவும்" என்றாள். அப்புறம் கொழுந்தில் கிடந்த முற்றலைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இத்தனை நாள் நினைத்தது, முகம் வெளியே போனதுதான் அவளுக்கு வலி என்று. அவள் சொன்னது வேறு. "மூஞ்சி போனாப் போகட்டும். அதுல என்னமோ கிறுக்கச்சி மாதிரி ஐயோ ஐயோன்னு கத்திக்கிட்டுக் கெடக்கேனாம்லா. சிலுவைராஜ் வாசிச்சுக் காட்டினான், எம் பிள்ளையள வச்சுக்கிட்டே. நான் அப்பிடியா பேசுனேன்? நான் சொன்னது என்ன, நீங்க போட்டது என்ன?"

போட்டது நாங்கள் இல்லை, அச்சகம் மாற்றிவிட்டது என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

கடைசி நாலு பக்கத்தைத் திரும்ப வரைகிறேன், ஆனால் வேறு முகம் போடுகிறேன், எல்லாப் பக்கத்திலும் மாற்றிவிடலாம் என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "எம்மூஞ்சியிலதான கெடுத்தானுக. அதே மூஞ்சியிலதான் சரிபண்ணணும். வேற மூஞ்சி போட்டா அந்தப் பொஸ்தகத்துல இருக்கவதான் நானுன்னு ஆயிப்போகும்."

பயமில்லையா என்று கேட்டேன். "இனி என்ன வரப்போகுது? போக வேண்டியது கம்பளியோட போயிட்டு" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். நான் கவனிக்கவே இல்லை, நீங்களும் சொல்லவில்லை: இருபது பக்கத்திலும் ஆணுக்கு முகம் இல்லை. முதுகு, தோள், பின்னந்தலை, அவ்வளவுதான். ஏன் என்று யோசித்தேன். காப்பகத்தில் எந்தப் பெண்ணும் எனக்கு அந்த முகத்தைச் சொன்னதில்லை. "அவரு மூஞ்சியையும் போடு. நான் சொல்லும்போது அவரு கேக்குத மாதிரி" என்றாள். அவர் எப்போதாவது அப்படிக் கேட்டதுண்டா என்றேன். "இல்ல. அதுக்குத்தான போடச் சொல்லுதேன்" என்றாள்.

புது நாலு பக்கமும் பழைய இருபதும் இத்துடன். பேச்சுக்கு இடம் விட்டிருக்கிறேன். இருபத்து நாலு பக்கத்துக்கும் அவள் சொன்னதைத் தனித்தாளில் அப்படியே எழுதியிருக்கிறேன். இந்தமுறை அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

கோபம் தீரவில்லை. வேலை இருப்பதால் எழுதினேன்.

பூமாரி


முதலமடை
22-8-1974

அன்புள்ள பூமாரி,

நீ சொன்னபடியே எழுதினேன். அழகுத்தாயின் வார்த்தையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எங்கள் ஊர்க்காரிக்கு 'இல்லல்லா' புரியாது என்று மாற்றக் கை ஓடியது, அடக்கிக்கொண்டேன்.

பிரதி எடுக்க நீலக் கார்பன்தான். துணியில் பூ வரையக் கற்றுக்கொடுத்தார்களே, அதே கார்பன். ஒன்பது பிரதி முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு பக்கம் ரோஜாவும் மயிலும் கொடியும் போட்டு, அட்டையில் 'பூவேலை டிசைன்கள்' என்று எழுதித் தைத்துவிட்டேன். மாமியார் எடுத்துப் பார்த்தார். இரண்டாம் பக்கத்திலேயே "இந்த வயசுல பூப்போட்டுட்டு" என்று கீழே வைத்துவிட்டார். எந்த ஆணும் அதைத் தொடக்கூட இல்லை. இந்த வழி அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

கடலைக்காய் உரிக்க வந்த பெண்களிடம் ஒன்றைக் கொடுத்தேன். ஆறு பேர். பூவைத் தாண்டிப் பக்கம் திரும்பியதும் ஆறு தலையும் ஒன்றாகக் குனிந்தன. அப்புறம் ஒருத்தி சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். பொங்கியண்ணன் சம்சாரம் நாச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இதயெல்லாம் வாயத் தொறந்து கேக்கலாமுங்களா?" என்று என்னையே கேட்டாள், ஏதோ நான் சட்டம் படித்தவள்போல. இன்னொருத்தி, "கேக்கறதுக்கு மொதல்ல கதவு வேணுமுங்க. இந்தப் பொம்பளைக்குக் கதவு இருக்குது. எங்கூட்டுல சாக்குத்தானுங்க தொங்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் படத்தில் கதவை வரைந்தது நான். என் வீட்டுக் கதவை வரைந்திருக்கிறேன்.

இப்போது அவர் விஷயம். தகரப்பெட்டியில் மோகினியை எடுத்துவிட்டு, ஒரு பூவேலைப் புத்தகத்தை வேட்டிக்கு அடியில் வைத்தேன். வைத்து ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. சாப்பிட்டார், தோட்டத்துக்குப் போனார், வந்தார். பத்தாம் நாள் மத்தியானம் நான் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.

"அது ஆரு எழுதுனது?"

"நானுங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போய் நிறுத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பொம்பள அவங்கிட்ட இத்தன பேசறா. நீ ஏன் புள்ள எங்கிட்ட ஒண்ணும் பேசுல?"

"பேசுனனுங்க. பதினோரு வருசமாப் பேசுனன். நீங்க தூங்கிப்போட்டீங்க."

வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னார்: "அம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்க." திரும்ப மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் பூமாரி. இருபத்து நாலு பக்கத்துக்கும் அவர் பதில் அதுதான். அன்று துணியைக் கல்லில் அடித்த அடியில் ஒரு போர்வை கிழிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாளாக விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். நானும் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. என்னால் இனி முதலில் பேச முடியாது. அலுத்துவிட்டது.

நாலு பிரதி அனுப்புகிறேன். தீபாவளிக்கு முன்னால் நீ ஒருமுறை இங்கே வா. வந்தால் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். மாமியார் இருக்கும்போதே. முடியுமா என்று எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூப்பிடுகிறேன்.

மயிலாத்தாள்


மேல் டிவிஷன்
6-10-1974

அன்புள்ள அக்கா,

வருவதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. லீவு கிடைக்காது. கிடைத்தாலும் யோசிப்பேன். உங்கள் பயத்தை நான் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று இருக்கிறது. நீங்கள் இங்கே வாருங்கள். லயத்தில் ஒரே அறைதான், ஒரே டம்ளர்தான்.

நாலு பிரதியும் கொழுந்துக் கூடையில் மலைக்கு மலை போய்க்கொண்டிருக்கிறது. காப்பகத்தில் இருந்தால் பால் கொடுக்கிற பெண்கள் மட்டும்தான் எனக்குக் கிடைப்பார்கள். மலையில் எல்லாரும் இருக்கிறார்கள். இதைச் சிலுவைராஜிடம் சொல்லி நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் ராத்திரி கழுத்து வலிக்கும்போது அப்படித் தோன்றுவதில்லை.

மோகினியும் இன்னும் சுற்றுகிறது. போன வாரம் புதுக் கட்டு வந்தது, அட்டை இன்னும் மோசம். பிரட்டில் இன்னும் யாராவது அந்தப் பேரைச் சொல்கிறார்கள். இப்போது முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் திரும்பினால் அவன் வாயை மூடிக்கொள்கிறான். மறுநாள் வேறு ஒருவன் சொல்கிறான்.

பெரியமுத்து திரும்பி வரவில்லை. வாரம் ஒருநாள் பிள்ளைகளைப் பார்க்க வருவான். வாசலோடு நின்று கட்டன் டீ குடித்துவிட்டுப் போவான். போன வாரம் அழகுத்தாய் அவன் முன்னால் கடைசிப் பக்கத்தை நீட்டினாள். தன் முகத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டான். "இது எப்பம் நடந்துச்சு?" என்று கேட்டான். "நடக்கல" என்றாள் அவள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை, வர வேண்டுமா என்றும் தெரியவில்லை என்கிறாள்.

உங்களிடம் கதவுபற்றி ஒருத்தி சொன்னாள் அல்லவா? இங்கேயும் புகார்தான். படத்தில் இருப்பவள் ஏன் அத்தனை ஒல்லி என்கிறார்கள். பிள்ளைகள் எங்கே போயின என்கிறார்கள். அழுத பிள்ளையை யார் எடுத்தார்கள் என்று ஒருத்தி விடாமல் கேட்கிறாள். லாரிக்காரர்கள் ரத்தினசாமியிடம் இப்படிப் புகார் சொல்லியிருப்பார்களா? நான் முதலில் எரிச்சலாகப் பதில் சொன்னேன். பிறகு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

பெரிய புகார் மதலேனம்மாளுடையது. அடுத்த வருஷம் வேலையிலிருந்து நிற்கப்போகிற மனுஷி, புருஷனும் உயிரோடு இருக்கிறார். புத்தகத்தை முழுக்கப் பார்த்துவிட்டு என் மடியில் எறிந்தாள். "எல்லாம் கொமரியளுக்கே போட்டிருக்கிய. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு ஆரு சொன்னா?"

அன்று தேநீர் இடைவேளையில் அவளையே ஒரு பாறையில் உட்காரவைத்து வரைந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கூடை சுமந்த முதுகு. கழுத்தில் கயிறு பதிந்த கோடு. தளர்ந்த கை. ஒன்றையும் குறைக்கவில்லை. சூப்பர்வைசர் வந்துவிடுவானோ என்று இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

தாளைக் கொடுத்தேன். தூரப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இம்புட்டுச் சுருக்கமாடி எனக்கு?" என்றாள். கோபம்தான். நான் ரப்பரை எடுத்தேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத. இருக்கட்டும்" என்றாள்.

தாளை அனுப்பியிருக்கிறேன். அவளுக்குப் பின்னால் நீங்கள் போடும் வீடு வேண்டும். கதவு போடாதீர்கள்.

பூமாரி